தாம்பரத்தில் எண்ணப்பட்ட எதிர்காலங்கள்

நிகழ்ந்தவற்றின் வரலாற்றை எழுதுவது வழக்கம். எதிர்பார்க்கப்பட்டவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒரு காலத்து மக்கள் நாளைய உலகம் இன்னவாறு அமையும் என்று கருதினார்கள். அக்கருத்தை நம்பி நிலம் வாங்கினார்கள், கட்டடம் எழுப்பினார்கள், இருப்புப்பாதை போட்டார்கள், மாநாடு கூட்டினார்கள். அவர்கள் கருதியபடி நடவாதபோதும் அக்கட்டடங்களும் பாதைகளும் அறிக்கைகளும் நம்மிடையே எஞ்சி நிற்கின்றன. அறிவியலும் தொழில்நுட்பமும் சமுதாயத்தை எங்கே கொண்டு செல்லும் என்று இன்று ஆராயப் புகுவோர், அதே கேள்விக்கு முன்னோர் அளித்த விடைகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குதல் நலம். அதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், 1928 முதல் 1938 வரையுள்ள பத்தாண்டுகளில், ஒரு மருத்துவரும், ஒரு ரயில்வே நிறுவனமும், ஒரு கல்லூரியும், ஓர் உலகக் கிறிஸ்தவ மாநாடும் தத்தம் எதிர்காலத்தைச் சில மைல் சுற்றளவுக்குள் வரைந்து வைத்தனர்.

எந்தத் திட்டத்துக்குள்ளும் பெயர் சொல்லப்படாத ஒரு மனிதர் இருக்கிறார். இவருக்காகத்தான் இது என்று திட்டமிடுவோர் மனத்தில் கொண்டிருந்த அம்மனிதர் யார் என்று வினவினால், திட்டத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். அவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை மருத்துவத் துறையிலே கிடைப்பதால் இக்கட்டுரை அங்கே சற்று அதிகமாகத் தங்குகிறது.

தாம்பரம் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்களுள் ஒன்று. சேலையூர், இரும்புலியூர், பீர்க்கங்கரணை, முடிச்சூர் எனச் சுற்றிலும் உள்ள ஊர்கள் தத்தம் ஏரியை நம்பி வாழ்ந்தவை. 1931ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925இல் முதன்முதலாக மின்சார ரயில் ஓடிய ஆறு ஆண்டுகளுக்குள் தென்னாட்டுக்கும் அது வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வே மனத்தில் கொண்டிருந்த மனிதர் யார் என்று அறிவது கடினமன்று: காலையில் கோட்டைக்கோ பாரி முனைக்கோ சென்று, மாலையில் காற்றோட்டமான சொந்த வீட்டுக்குத் திரும்பும் குமாஸ்தா. இக்கணக்கு ஏறக்குறைய பலித்தது. மீட்டர் பாதையில் ஓடிய அந்த வண்டிகள் 2004 வரை ஓடின. வழியிலுள்ள குரோம்பேட்டை, ஆவாரம் பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் தோலை விரைவில் பதனிடும் புதிய முறையைக் கைக்கொண்ட தொழிற்சாலையால் பெயர் பெற்றது. இரசாயனத்தை நம்பி எழுந்த எதிர்காலம் அது. ஆலை போன பின்னும் பெயர் நின்றுவிட்டது. அவ்வட்டாரத்துக் கிணற்று நீரில் தோல் பதனிடுதலின் கசடும் நின்றுவிட்டது. அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்.

சானடோரியத்தைத் தோற்றுவித்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. இங்கிலாந்தில் மருத்துவராய் இருந்து, சாமர்செட்டின் மெண்டிப் குன்றுகளில் சயரோகிகளுக்கென ஒரு விடுதி நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1914இல் ‘நெவாசா’ கப்பலில் இங்கிலாந்து சென்றபோது அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917இல் இராமானுஜன் நோயுற்றபோது இவருடைய மெண்டிப் விடுதியிலே சில காலம் தங்கினார். இராமானுஜனைப் பற்றியிருந்தது காசநோய்தானா, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயா என்று பிற்கால மருத்துவர் ஐயுற்றிருப்பது வேறு செய்தி. தாயகம் திரும்பிய முத்து 1928இல் தாம்பரத்தில் தம் விடுதியை நிறுவினார். 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

அவ்விடுதி எந்த அறிவின்மேல் எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்லும் மருந்தோ அதன் பின் அறுபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஆகவே ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று, வெயில் இவற்றால் உடலின் எதிர்ப்பாற்றலை வளர்ப்பதே அன்றைய மேலான மருத்துவம். ஐரோப்பாவின் மலை விடுதிகளில் பிறந்த இம்முறையை நம் நாட்டில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் கூட்டாக நடத்தின. சௌரி முத்து சென்னையின் வாயிலுக்கே அதைக் கொண்டுவந்தார். இது மூடநம்பிக்கை அன்று; அன்றைய அறிவியலின் நேர்மையான முடிவு. ஆனால் இத்திட்டத்துக்குள் இருந்த மனிதரைப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில், தேவைப்படின் ஆண்டுக்கணக்கில், படுத்திருக்கக்கூடியவர் அவர். வீட்டில் அடுப்பெரிய வேறொருவர் வருவாய் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வேறொரு கை இருக்க வேண்டும். மதராஸ் நகரின் சுமை கூலிக்காரரும் கட்டட வேலை செய்யும் பெண்ணும் அத்தகையோர் அல்லர். 1946இல் வெளிவந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை இந்தியாவில் காசநோயாளர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்றும், அவர்களுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 என்றும் கணக்கிட்டது. ஒரு படுக்கைக்கு நானூறு பேர். இனி எத்தனை சானடோரியங்கள் கட்டினால் போதும் என்று கேட்பதே அன்று எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பதாகக் கருதப்பட்டது.

அரசாங்கம் சானடோரியத்தை ஏற்ற அதே 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நூறாண்டுகள் இருந்த ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. நகரின் சந்தடியிலிருந்து விலகி, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்கும் சமுதாயமே வருங்காலக் கல்வி என்பது அதை அமைத்தோரின் எண்ணம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அப்புதர்க்காட்டில் மரங்களை நட்டு வளர்த்தார். வந்த மறு ஆண்டே, கிறிஸ்துமஸ் விடுமுறையில், மாணவர் விடுதிகளில் உலகமே வந்து தங்கியது எனலாம். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை நடைபெற்ற அகில உலக மிஷனெரி ஆலோசனைச் சங்க மாநாட்டுக்கு ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் கூடினர். அவர்களுள் பாதிக்குமேல் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தோர். சீனத்தின் ஹாங்சௌ நகரில் கூடவேண்டிய மாநாடு, ஜப்பானியப் படையெடுப்பால் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. சீனரும் ஜப்பானியரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆல்பர்ட் லுத்துலி 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசைப் பெறுவார் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

தாம்பரம் மாநாடு என்றாலே ஹெண்ட்ரிக் கிரேமரின் நூலும், பிற சமயங்களைப் பற்றிய அவர் கருத்தை மறுத்த இந்திய அறிஞர்களின் வாதமும் நம் வகுப்பறைகளில் நினைவுகூரப்படுகின்றன. அது தகுதியே. ஆயினும் நம் பொருளுக்கு வேண்டியவை அம்மாநாட்டைச் சூழ்ந்த இரண்டு சிறு குரல்கள். ஒன்று, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாய் இருந்த பி. செஞ்சையாவினுடையது. மாநாட்டை முன்னிட்டு 1938இல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், கிறிஸ்து புதிய சிருஷ்டியின் தொடக்கம் என்றும், மனித இனம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றும் அவர் கருதியதைக் காண்கிறோம். பரிணாமத்தைப் பற்றிய அறிவியலைக் கண்டு அஞ்சாமல் அதனோடு சேர்ந்தே இறையியல் எண்ணலாம் என்று அன்றே துணிந்தவர் அவர். அவர் கனவிலிருந்த மனிதர் நாளை வரப்போகும் புதிய மனிதர். இன்று நோயுற்றிருக்கும் பழைய மனிதருக்கு அக்கனவில் இடம் குறைவு என்பது என் கருத்து. மற்றொன்று ஜே. மெர்ல் டேவிஸ் என்பாருடைய குரல். அவர் தலைமையிலான ஆய்வுத் துறை, இளைய திருச்சபைகளின் வயல், கூலி, கடன், காணிக்கை ஆகியவற்றை ஆராய்ந்தது. மாநாட்டு வெளியீடுகள் ஏழனுள் ஒன்று முழுவதும் திருச்சபையின் பொருளாதார அடிப்படையைப் பற்றியதே. மேனாட்டுப் பணத்தை அளவுகோலாகக் கொண்டு எழுப்பிய நிறுவனங்களை ஏழைச் சபையார் எவ்வாறு தாங்குவர் என்பது அவ்வாராய்ச்சியின் உள்ளார்ந்த வினா. இறையியல் வாதத்தின் பேரொலியில் அது அமுங்கிப்போயிற்று. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குப் பின், அம்மாநாட்டோடு எத்தொடர்பும் இல்லாத மருத்துவர் சிலர் சேத்துப்பட்டில் அதே வினாவை வேறு வடிவில் எழுப்பினர்.

அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. 1943இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதையடுத்து பாஸ் என்னும் மருந்து. 1952இல் மலிவான ஐசோனியசிட். இவற்றைச் சானடோரியத்திலேயே வைத்துக் கொடுப்பதுதான் முறை என்று பெரும்பாலோர் எண்ணினர். புதிய தொழில்நுட்பம் வரும்போது அதைப் பழைய கட்டடத்துக்குள் வைத்துப் பார்ப்பது மனித இயல்பு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது: நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு, ஓய்வுக்கு வழியில்லாமல் வாழும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் தீர்மானித்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். சானடோரியத்தில் இருந்தோர் நன்றாக உண்டனர், ஓய்வெடுத்தனர், எடை கூடினர். வீட்டில் இருந்தோருக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆண்டின் முடிவில் நோய் தணிந்து கிருமியற்றிருந்தோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. வீட்டிலுள்ளோருக்கு நோய் தொற்றிவிடாதா என்ற அச்சம் இயல்பானது. ஐந்தாண்டுகள் குடும்பத்தாரைத் தொடர்ந்து பரிசோதித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களுக்கு அதனால் கூடுதலான தீங்கு விளையவில்லை என்று தெரிந்தது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது.

நூறாண்டுகளாக மருத்துவ உலகம் நம்பியிருந்த ஓய்வு, உணவு, காற்று ஆகிய மூன்றும் மருந்து முறையாக உட்கொள்ளப்படுமிடத்து இன்றியமையாதவை அல்ல என்றாயிற்று. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இதை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் உலக நாடுகள் பலவற்றில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும் சேத்துப்பட்டு ஆய்வு ஒரு காரணம். வறுமையை ஒழித்துவிட்டுத்தான் நோயை ஒழிக்க முடியும் என்று சொல்லிக் கைகட்டி இருப்போருக்கு அது ஒரு விடை. ஆனால் ஏழைக்கு உணவு தேவையில்லை, மாத்திரை போதும் என்று சொல்லிவிட ஆட்சியாளருக்கு அது ஒரு சாக்காகவும் ஆகக்கூடும். இவ்வபாயம் கற்பனையன்று. 2018 முதல் காசநோயாளருக்கு ஊட்டச்சத்துக்கென மாதந்தோறும் பணம் கொடுக்க மத்திய அரசு முன்வந்ததே, உணவின் கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

இன்னொரு கேள்வியையும் அம்மையம் மறைக்கவில்லை. வீட்டில் மருந்து கொடுத்தால் அதை அவர் உண்பாரா? பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. உடல் சற்றுத் தேறியதும் நிறுத்திவிடத் தோன்றும். முன்னறிவிப்பின்றி வீடு சென்று சிறுநீரைச் சோதித்தபோது, பலர் ஒழுங்காக உண்ணவில்லை என்று தெரிந்தது. ஆகவே 1960களில், வாரம் இருமுறை கண்முன் மருந்து கொடுக்கும் முறையை இங்கேயே ஆராய்ந்தனர். 1990களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு தாய்வேர். வீட்டுக்கு வீடு சென்ற சுகாதாரப் பார்வையாளரின் கால்நடையும் மருந்தைப் போலவே அந்த எதிர்காலத்தின் ஒரு பகுதி என்பதைத் தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் விட்டுவிடுகிறார்கள்.

அறிவியலின் எதிர்பார்ப்பு தவறியதும் இவ்வட்டாரத்திலே நிகழ்ந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயை வேரறுக்கும் என்ற நம்பிக்கையில் 1948இல் கிண்டியில் அதைத் தயாரிக்கும் கூடம் அமைந்தது. 1955இல் இராஜாஜி இத்தடுப்பூசியை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 மக்களிடையே தொடங்கிய பேராய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-80இல் அறிவித்தது. இதனால் இராஜாஜி கூறியவை யாவும் மெய்யாகிவிடா. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதற்காக அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. ஆய்வை நடத்தியவர்கள் விரும்பாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதே இங்கு மதிக்கத்தக்கது.

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. மற்ற மருத்துவமனைகள் பலவற்றில் அந்நோயாளரைத் தொடவும் தயங்கிய காலத்தில், 1993 முதல் இம்மருத்துவமனை அவர்களை உள்ளே அனுமதித்தது. நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கிய முதல் எட்டு இடங்களுள் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன் அவ்வார்டுகளுக்கு வந்தோரில் பலர் இறப்பதற்கே வந்தனர். வீட்டாரும் ஊராரும் தள்ளிவிட்டவர்க்கு ஒரு படுக்கை இருந்தது, அப்படுக்கையருகே ஒரு செவிலி இருந்தார் என்பது சௌரி முத்துவின் திட்டத்தில் இல்லாத பயன். வீட்டுச் சிகிச்சையே போதும் என்ற 1959இன் முடிவு, வீடு என்று ஒன்று இருப்பவரை மனத்தில் கொண்டது என்பதும் இங்கே தெரியவருகிறது.

சானடோரியம் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் மருத்துவமனைக்குச் செல்வோரினும் 1984இல் அருகே அமைந்த ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குச் செல்வோர் மிகுதி. கணிப்பொறியும் ஆயத்த ஆடையும் வெளிநாட்டுச் சந்தையும் என்ற புதிய எதிர்காலத்தின் வாயில் அது. வளர்ச்சி என்பது யாருடைய தேவையை முன்வைக்கிறது என்று தாம்பரம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த சி. டி. குரியன் 1970களிலேயே கேட்டு எழுதினார். 1979 ஜூலையில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், உலகத் திருச்சபைகளின் மன்றம் விசுவாசம், அறிவியல், எதிர்காலம் பற்றிய மாநாட்டைப் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் தலைமையில் கூட்டியபோதும் இக்கேள்வி முன்னின்றது. புதிய அணுமின் நிலையங்களை ஐந்தாண்டு நிறுத்திவைக்கவும் அங்கே கோரினர். நான்கு ஆண்டுகளில் கல்பாக்கத்தின் முதல் அணுஉலை இயங்கத் தொடங்கிவிட்டது.

1931இன் குமாஸ்தாவுக்குக் கிடைத்த வீட்டுமனைகள் பின்வந்த தலைமுறைகளில் ஏரிக்கரை வரையும், பிறகு ஏரிக்குள்ளும் நீண்டன. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் மேற்பகுதியிலுள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு விட வேண்டியதாயிற்று. ஏரியும் கலங்கலும் வரத்துக்கால்வாயும் பழைய தொழில்நுட்பம் என்று எண்ணித் தூர்த்துவிட்டோம். எதிர்கால மழையைக் கணக்கிட்டு அமைந்தவை அவை என்பதை மழைதான் நினைவூட்டியது.

2023 டிசம்பர் இறுதியில் வண்டலூருக்கு அடுத்த கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டங்களுக்கான பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அருகே ஓடும் இருப்புப்பாதையில் அன்று அங்கே நிலையம் இருக்கவில்லை. நள்ளிரவில் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கி, மூட்டையும் குழந்தையுமாக நகருக்குள் செல்லவேண்டிய குடும்பம் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நின்றது.